அப்பாவிடம் சொல்லலாமா?

நம் தகப்பனாருக்கு வயது 72. சில மாதங்களுக்கு முன் அவருடைய சிறுநீரில் இரத்தம் கண்டது. வலி சிறிதும் இல்லை. இரண்டு நாளில் தானே நின்றும் விட்டது. "உஷ்ணம், இளநீர் குடித்தால் போகும்" என்று அலட்சியமாக இருந்தார். நாம்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். குழாய் செலுத்தி உள்ளே பார்த்த டாக்டர், நம்மைத் தனியே அழைத்து, மூத்திரப்பையில் கட்டி இருக்கிறது, புற்றுநோயாகவே தோன்றுகிறது என்றார்.

வீட்டில் உடனே மகாநாடு கூடிற்று. அப்பாவிடம் 'கல்' என்று சொல்லி வைப்பதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நாமும் கை தூக்கினோம்.

அன்றிரவு அப்பா நம்மைக் கூப்பிட்டார். "ஏண்டா, முப்பது வருஷம் ஊரார் கணக்கையெல்லாம் எழுதினேன். என் கணக்கை மட்டும் எனக்குக் காட்டக் கூடாதா?" என்று கேட்டார். நமக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஒரு காகிதத்தில் சுவர் ஒன்று வரைந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். "மூத்திரப்பையின் சுவரில் உட்புறம் மெல்லிய பூச்சு, அதற்கு அப்பால் தசை, அதுதான் செங்கல். கட்டி என்பது சுவரில் முளைத்த ஆலங்கன்று மாதிரி, அப்பா. வேர் பூச்சோடு நின்றதா, செங்கலுக்குள் இறங்கிற்றா என்பதே கேள்வி. கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதித்தால் தெரியும்."

பெரும்பாலோருக்கு நோய் பூச்சோடு நிற்கும்போதே அகப்பட்டு விடுகிறது. அப்போது பையைக் காப்பாற்றலாம். மறுபடி முளைக்கும் அபாயம் அதிகமாயிருந்தால், க்ஷயத்தைத் தடுக்கக் குத்துகிறார்களே, அந்த பி.ஸி.ஜி.யைப் பைக்குள்ளேயே வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் செலுத்துவார்கள். 1976 முதல் வைத்திய உலகம் அறிந்த முறை இது. பிறகும் வருஷக் கணக்கில் உள்ளே பார்த்து வரவேண்டும்.

செங்கலுக்குள் இறங்கிவிட்டாலோ, வழி இரண்டு. பையையே எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டைக் கொண்டு சிறுநீருக்கு வேறு வழி செய்வது ஒன்று. பலர் வயிற்றின்மேல் பை கட்டிக்கொள்ள நேரும். பையை வைத்துக்கொண்டு, கட்டியைச் சுரண்டியபின் கதிரியக்கமும் மருந்தும் சேர்த்துச் சிகிச்சை செய்வது மற்றொன்று. இது எல்லோருக்கும் பொருந்தாது.

சோதனை முடிவு வந்தது. வேர் செங்கலுக்குள் இறங்கியிருந்தது. டாக்டரிடம் அப்பாவே கேட்டார்: "என் பையைக் காப்பாற்ற வழி உண்டா? எடுத்துவிட்டால் நடந்து திரிய முடியுமா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" ஒரு வாரம் யோசித்து, எடுத்துவிடலாம் என்று அவரே முடிவு செய்தார். இந்நோய்க்கு முதற்காரணம் புகையிலைப் புகை என்று டாக்டர் சொன்னதும், சட்டைப் பையிலிருந்த சிகரெட்டை மௌனமாய் நம்மிடம் நீட்டினார்.

வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு வாழப்போகிறவர் அவர். அவரை விலக்கிவிட்டுத் தீர்மானம் செய்ய நாம் யார்? பெற்றோரிடம் நோயை மறைப்பதை அன்பு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது நம்முடைய பயமே.

நேயர்களுக்கு இன்னொரு வார்த்தை: சிறுநீரில் இரத்தம் ஒருமுறை கண்டு நின்றுவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். இளநீரைப் பிறகு குடிக்கலாம்.