வண்டி அங்கேயே நிற்கட்டும்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்),
எழும்பூர், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடைகளை மூடச் சொல்லி வரும் மனுக்கள் உங்கள் மேசையில் ஏராளமாக இருக்கும். இது அந்த ரகம் அல்ல. அந்தச் சண்டையைப் போட ஆட்கள் இருக்கிறார்கள். கிழக்குத் தாம்பரத்தில் குடியிருக்கும் நான் உங்களிடம் கேட்பது இருசக்கர வண்டி நிறுத்த ஓர் இடம்.

உங்கள் பாட்டிலில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறது. 180 மில்லி குவாட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் என்று அதற்குப் பொருள். அதை நண்பருடன் பாதியாகப் பங்கு போட்டவர், ‘கட்டிங்தான் சார் அடிச்சேன்’ என்று போலீஸிடம் சொல்வார். 65 கிலோ எடையுள்ள ஆண் உடம்பில் அந்தக் கட்டிங்கே 100 மில்லி ரத்தத்தில் 60 மில்லிகிராம் வரை ஏற்றிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பொறுத்துக்கொள்வது 30 மில்லிகிராம்தான். முழுக் குவாட்டர் போட்டவருக்கு அளவு 120ஐ ஒட்டிப் போகும். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். எலுமிச்சைச் சாறோ தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை அவசரப்படுத்தாது. முழுக் குவாட்டரின் கடைசி மடக்கை இரவு பத்து மணிக்குக் குடித்தவர், விடியற்காலை மூன்று மணிக்கும் சட்டத்தின் கணக்கில் குடித்தவர்தான்.

காரில் போகிறவர் தள்ளாடினாலும் நான்கு சக்கரங்கள் தாங்கும். பைக்கை நிமிர்த்தி வைத்திருப்பது ஓட்டுகிறவரின் சமநிலை. அந்தச் சமநிலையைச் சொல்லும் உறுப்பு உட்செவியில், திரவத்துக்குள் இருக்கிறது. ஆல்கஹால் அங்கே போய்ச் சேர்ந்ததும், தலை திரும்பாமலே திரும்பியதாக மூளைக்குத் தகவல் போகிறது. கேம்ப் ரோடு சந்திப்பில் வண்டியைச் சாய்த்துத் திருப்புகிறவருக்கு இதைவிடப் பெரிய எதிரி வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பிரேக்கில் கால் வைக்க அரை நொடி தாமதமானால் எட்டு மீட்டர் போயே போய்விட்டது.

இதெல்லாம் தெரியாமலா ஓட்டுகிறார்கள்? ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கார் வைத்திருப்பவர் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறார். பைக்காரருக்கு யார் வருவார்? மறைமலை நகருக்கோ ஒரகடத்துக்கோ காலை ஷிப்ட் போகிறவருக்கும், உணவு டெலிவரி செய்கிறவருக்கும் அந்த வண்டிதான் பிழைப்பு. பாதிப் பேருக்கு இன்னும் தவணை முடிந்திருக்காது. அதை ராத்திரி முழுக்க பார் வாசலில் விட்டுப் போனால் காலையில் பெட்ரோல் இருக்காது, பேட்டரி இருக்காது, சமயத்தில் வண்டியே இருக்காது. ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து வீடு போனாலும் மனம் வண்டிமேல்தான் கிடக்கும். போதையில் இருப்பவருக்குத் தன் உயிர்மேல் இருக்கும் பயத்தைவிட வண்டிமேல் இருக்கும் பயம் பெரிது.

எனவே உதைத்துக் கிளப்புகிறார்கள். தாம்பரத்துக்கென்று 2022 ஜனவரியில் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் குடித்து ஓட்டுவதற்கான அபராதம் 10,000 ரூபாய் ஆனது. பின்னால் உட்கார்ந்து வருபவரும் தப்ப முடியாது என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. ஆனால் எங்கே ஊதச் சொல்கிறார்கள் என்பது வாட்ஸ்அப்பில் பரவிவிடுகிறது. முடிச்சூர், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து உள்தெருக்கள் எதற்கு இருக்கின்றன? விளக்கு இல்லாத, மாடு படுத்திருக்கும் தெருக்கள் அவை.

விழுந்தபின் நடப்பது இன்னொரு கணக்கு. வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, போதையில் ஓட்டியிருந்தால் கிடைக்காது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் அரசு ஏற்கிறது. நல்ல திட்டம்தான். குவாட்டரில் வந்த பணம் ஐ.சி.யூ. வழியாக வெளியே போகிறது.

நீதிமன்றமும் முயன்று பார்த்தது. வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பானது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமம் பெற்ற இடங்களுக்கு இந்தத் தடை இல்லை என்று நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. இருசக்கர வண்டிக்கு 500 மீட்டர் ஒரு தூரமா என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

உங்களால் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காட்டில் கண்ணாடிச் சில்லு கிடக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் செய்தீர்கள். பிறகு அது பல மாவட்டங்களுக்குப் போனது. பாட்டில் பத்திரமாகத் திரும்பி வர ஸ்டிக்கர், கணக்கு, ஆள் எல்லாம் இருக்கிறது.

அதே ஏற்பாட்டை வண்டிக்குச் செய்யுங்கள். பார் உள்ள கடைகளில் கேமரா, காவலாளியுடன் இரவு ஸ்டாண்ட். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன். காலை ஆறு மணிக்கு மேல் வண்டி. இடமில்லாத கடைகளுக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ரயில் நிலைய ஸ்டாண்டுகளைப் பயன்படுத்த ரயில்வேயிடம் பேசி ஒப்பந்தம் போடலாம். வாசலில் ஊதிப் பார்க்க ஒரு கருவி, வழக்கு இல்லாமல். பத்து மணிக்குக் கடை அடைக்கும்போது நான்கு ஷேர் ஆட்டோ நிற்கட்டும். இது குடிக்க ஊக்கம் தருவதாகாதா என்று கேட்பார்கள். பாருக்கு உரிமம் கொடுத்தபோதே அந்தக் கேள்வியைத் தாண்டி வந்துவிட்டோம்.

2024-25இல் உங்கள் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதில் சிறிது ஒதுக்கி, பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை சில கடைகளில் மட்டும் மூன்று மாதம் செய்து பாருங்கள். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையின் இரவு நேர விபத்துப் பதிவேட்டை முன்னும் பின்னும் ஒப்பிட்டால் பலன் தெரிந்துவிடும். டோக்கனுக்கும் பத்து ரூபாயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தாம்பரவாசி ஒருவர்