முகத்தில் ஊசி போட யாருக்கு உரிமை?

ஆசிரியர் அவர்களுக்கு,

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பெண்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. உதடும் கன்னமும் எடுப்பாகத் தெரிய ஃபில்லர், சுருக்கம் மறைய போடாக்ஸ், நிறம் கூட குளூட்டாதயோன் என்று சில பியூட்டி பார்லர்களிலும் தோல் மருத்துவரே இல்லாத ‘ஸ்கின் கிளினிக்’குகளிலும் ஊசி போடுகிறார்கள். ஃபேஷியல், மெஹந்தியோடு இதுவும் ஒரு பேக்கேஜ். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

என் தங்கை மகள் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியில் வேலை பார்ப்பவள். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் மூக்கோரக் கோட்டுக்கு ஃபில்லர் போட்டுக்கொண்டாள். போட்டதுமே அந்த இடம் வெளிறி, கடுமையாக வலித்திருக்கிறது. “ஐஸ் வைம்மா, ரெண்டு நாள்ல வத்திரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூக்கிலிருந்து மேலுதடு வரை வலை பின்னியதுபோல் கருநீலம் படர்ந்திருந்தது. ஃபில்லர் ரத்தக் குழாயை அடைத்திருந்தது.

இப்படி அடைத்தால் ஹயலுரானிடேஸ் மருந்தை உடனே செலுத்தி ஃபில்லரைக் கரைக்க வேண்டும். இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்க வேண்டும். ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய் மேலும் சுருங்கும். ஊசி போட்டவருக்கு இது தெரியவில்லை, மருந்தும் அங்கே இல்லை. பிறகு மதுரைக்குக் கொண்டுபோய் மருந்து செலுத்தியும் தோலின் ஒரு பகுதி கறுத்து உரிந்தது. வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங் செய்து புண் ஆறியது, தழும்பு போகவில்லை. “உனக்கு எதுக்கு இந்த ஆசை?” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். பெண் பார்க்க வந்த இடத்தில் நிறத்தையும் மூக்கையும் குறை சொன்னவர்கள் நாம்தான். அவள் மேல் பழி போடாதீர்கள்.

இதைவிடக் கொடியதும் நேரலாம். மூக்கையும் நெற்றியையும் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. ஃபில்லர் அங்கே போய் அடைத்தால் பார்வையே போய்விடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திரைக்கு ரத்தம் போகாவிட்டால் பார்வை திரும்புவது மிக அரிது. இராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

கிருமித் தொற்றும் சாதாரண விஷயமல்ல. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில், தொற்றுநீக்கம் செய்யாத கருவியால் திறந்த சலைன் வழியாகப் பரவிய மெலியாய்டோசிஸ் தொற்றில் எட்டுப் பேர் இறந்ததாக 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. படித்த மருத்துவரின் இடத்திலேயே இது நடக்கும் என்றால், பார்லரின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

2021 ஏப்ரலில் நடிகை ரைசா வில்சன், முக அழகு சிகிச்சையால் இப்படி ஆனது என்று சொல்லி, கண்ணுக்குக் கீழே வீங்கிய முகத்தோடு படம் வெளியிட்டபோது தமிழ்நாடே பேசியது. சிகிச்சை அளித்த மருத்துவர் அவரது குற்றச்சாட்டை மறுத்தார். இரு தரப்பும் வழக்கறிஞர்கள் வழியாக மோதிக்கொண்டன. தறி ஓட்டும் பெண்ணுக்கு வக்கீலும் கிடையாது, கேமராவும் கிடையாது. வாங்கிய பணத்துக்கு ரசீது கூடக் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது அழகு சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று அந்த ஆணையம் 2022-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் கிளினிக்குகளை முறைப்படுத்த 1997-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. இத்தனை இருந்தும் நம் ஊரில் சோதனைக்கு ஆள் வருவதில்லை.

மாவட்ட ஆட்சியரும் நலப்பணிகள் இணை இயக்குநரும் உடனே செய்ய வேண்டியவை இவை. இரண்டு ஊர்களிலும் முகத்தில் ஊசி போடும் இடங்கள் அனைத்தையும் சோதனையிட்டு, தகுதியான மருத்துவர் இல்லாதவற்றை மூட வேண்டும். ஊசி போடுபவரின் பதிவு எண் வாசலில் இருக்க வேண்டும். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். ஹயலுரானிடேஸ் எல்லா ஃபில்லரையும் கரைக்காது என்பதால், போட்டது என்னவென்று தெரியாமல் எந்த மருத்துவராலும் சரியாகச் சிகிச்சை செய்ய முடியாது. இரண்டு ஊர் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலும் ஹயலுரானிடேஸ் எந்நேரமும் இருக்க வேண்டும். கண்புரை அறுவையில் மரப்பு ஊசியோடு சேர்க்கும் மருந்துதான் அது, கிடைக்காத பொருளல்ல.

பாதிக்கப்பட்ட பெண்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வரும் முகூர்த்த மாதம் தொடங்கும் முன் சோதனை நடந்தாக வேண்டும். ஒரு பெண் பார்வையை இழந்த பிறகு நடவடிக்கை எடுத்து யாருக்கு என்ன பயன்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
இராஜபாளையம்.