கிரேஸுக்குப் பதில் ஆள் இருந்தார்

மும்பையில் மழைக்காலத்தில் நடக்கிற காங்கா லீக் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1948-ல ஆரம்பிச்ச அந்த லீக்குக்கு யார் பேர் தெரியுமா? ஹெச்.டி. காங்கா. ஒரு டாக்டர். 1911-ல் முதன்முதலா இங்கிலாந்து போன அகில இந்திய அணியில ஆடினவர்.

இந்தக் கதை கிடைச்சா வீட்ல விடுவாங்களா? "அவரால முடிஞ்சுது, உனக்கு என்ன?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. (எங்க வீட்ல காங்காவைத் தெரியாது. பி.டெக். முடிச்ச அஷ்வினே போதும்.)

ஆனா ஒருத்தர் மேட்ச் ஆடப் போனா, கிளினிக்கை யார் பார்ப்பாங்க? இதுக்கு டபிள்யூ.ஜி. கிரேஸ் கதையில பதில் இருக்கு. அவர் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்தது 1868, டாக்டரானது 1879. பதினோரு வருஷம்! நம்ம சீனியர்ஸ் அரியர் எல்லாம் சும்மா. நடுவுல 1876 ஆகஸ்ட்ல தொடர்ந்து மூணு இன்னிங்ஸ்ல 344, 177, 318 நாட் அவுட். அப்புறம் பிரிஸ்டல்ல பிராக்டிஸ் பண்ணப்போ, அவர் ஆடப் போற நாள்ல நோயாளிகளைப் பார்க்க வேற டாக்டரை வெச்சாங்க. அதுக்குப் பணம் கொடுத்தது அவரோட குளோஸ்டர்ஷயர் கிளப். திறமை இல்லன்னு சொல்லல. திறமையோட பதில் ஆளும் இருந்தார்.

என் கிளாஸ்ல ஒரு லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர். ஆவடிப் பையன். காலைல அஞ்சரைக்கு நெட் பிராக்டிஸ், ஏழு மணிக்கு காலேஜ் பஸ், அம்பத்தூர் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவான். மூணாவது வருஷம் லேப் இன்டர்னல் அன்னிக்கே லீக் மேட்ச். சிம்போசியம் போனா ஓ.டி. உண்டு, கிளப் மேட்சுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. மேட்ச் ஆடினான், நாலு விக்கெட். லேப்ல சைபர். அட்டெண்டன்ஸும் 75-க்குக் கீழ போச்சு. ஃபைன் கட்டிட்டு வந்த அவங்க அப்பா கிட் பேக்கைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டார். இப்போ பிளேஸ் ஆயிட்டான், நல்ல பேக்கேஜ். கிரிக்கெட் பத்திப் பேசினா போனை நோண்ட ஆரம்பிச்சிடுவான்.

அந்த லேப்ல அவனோட பார்ட்னர் நான்தான். "சார், இவனுக்கு மட்டும் வேற தேதி கொடுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. என் மார்க்கும் போயிடுமோன்னு பயம்.

செகண்ட் இயர்ல ரெண்டு பேர் இப்போ லீக் ஆடறாங்க. மாடல் எக்ஸாம் டைம்டேபிள் ஒட்டியாச்சு. அவங்க கிளாஸ் ரெப் இதைப் படிச்சா, இந்த வாரமே ஹெச்.ஓ.டி. ரூமுக்குப் போங்க. தனியா போகத் தயக்கமா இருந்தா சொல்லுங்க, நானும் வரேன்.