ரத்தம் எங்க ஊரு, கேள்வி யாருது?

பெரம்பலூரில் நானோ தொழில்நுட்பமா என்று சிரிப்பவர்களுக்கு: அது வந்து பல வருஷமாச்சு. மருந்துக்கடையில் விற்கிற கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தெரியும் அந்தச் செங்கோடு, பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள்தான். கரண்ட் வேண்டாம், லேப் வேண்டாம், சில நிமிஷத்தில் பதில். மருத்துவத்தில் நானோவின் உச்சம் இதுதான் என்பேன்.

அப்புறம் ஏன் இதுமாதிரி இன்னும் பத்து அட்டை வரல? காசில்லை என்பது பாதி உண்மை. நாட்டின் மொத்த ஆய்வுச் செலவே ஜிடிபியில் 0.64 சதவீதம்தான். ஆனாலும் 2007-ல் நானோ மிஷன் ஐந்து வருஷத்துக்கு 1000 கோடி ரூபாயோடு தொடங்கியது. 2023-ல் சட்டமான அனுசந்தான் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டியது. என் சண்டை, இருக்கிற காசில் கேள்வியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்.

நான் சாஃப்ட்வேர்காரன். ஒரு ப்ராஜெக்ட் உண்மையிலேயே கூட்டாக நடக்குதா என்று தெரிய எங்களுக்கு ஒரே கேள்வி போதும்: மெர்ஜ் பண்ணும் உரிமை யாரிடம்? பக் ரிப்போர்ட் மட்டும் எழுதுகிறவர் கூட்டாளி இல்லை, யூசர். ‘கூட்டு ஆய்வு’ என்ற பெயரில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த யூசர் இடம்தான். ரத்த மாதிரி இங்கிருந்து போகும். கேள்வியும் நிதியும் கட்டுரையின் முதல் பெயரும் பெருநகரத்தில் இருக்கும்.

எங்களிடம் கேள்வியே இல்லையா? சுண்ணாம்புக்கல் வெட்டி சிமெண்ட் அரைக்கிற அரியலூரில் ஒருவர் மாசக்கணக்கில் இருமினால், அது காசநோயா, தூசியால் வந்த பாதிப்பா? பருத்திக்கு மருந்தடித்துவிட்டு மயங்குகிற பெரம்பலூர் விவசாயியின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது? வரப்பிலேயே பதில் சொல்லும் அட்டை வேண்டும். ஐஐடி மெட்ராஸின் தலப்பில் பிரதீப், குடிநீரில் கலந்த பூச்சிக்கொல்லி என்ற சாதாரணக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். அந்த நானோ துகள்கள் வீட்டு வாட்டர் ஃபில்டர் வரைக்கும் வந்தன.

“ஊருக்கு ஊர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைக்க முடியுமா?” என்பார்கள். யாரும் கேட்கல. மைக்ராஸ்கோப் சென்னையிலேயே இருக்கட்டும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தாச்சு; பக்கத்துப் பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை, ஆனால் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. நோயாளியைத் தினமும் பார்க்கும் அந்த டாக்டர்களில் ஒருவர், மருத்துவ நானோ திட்டம் ஒவ்வொன்றிலும் இணை முதன்மை ஆய்வாளராக இருக்க வேண்டும். அவருக்குத் தனி நிதி, ஆய்வுக்கென்று ஒதுக்கிய நேரம், கேள்வி தப்பென்றால் நிறுத்தும் அதிகாரம். கடைசித் தவணைப் பணம், கருவியை அந்த மாவட்டத்தில் சோதித்த பிறகுதான்.

இதற்குப் புதுசா ஒரு கோடிகூட வேண்டாம். நிதி விண்ணப்பப் படிவத்தில் நாலு வரி மாறினால் போதும். அதைக்கூட மாற்ற மனசில்லை என்றால், ‘கூட்டு’ என்ற வார்த்தையையாவது எடுத்துவிடுங்கள்.