ஏர் பிடித்த கையில் ஆட்சி

ஏர் பிடிப்பவன் நாடாள இயலுமா? இயலும் என்று காட்டியது கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணம். 1919-ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே உழவர் கட்சி மற்றெல்லாக் கட்சிகளையும் விட மிகுதியான இடங்களை வென்றது. தொழிலாளர் கட்சியின் துணையோடு ஆட்சி அமைத்தது. அப்போது சட்டமன்ற உறுப்பினராகக்கூட இல்லாத எர்னஸ்ட் சார்லஸ் ட்ரூரி என்னும் உழவர் முதலமைச்சரானார்.

ஆதரவற்ற தாய்மார்க்கு உதவித்தொகை, பெண் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி ஆகியவை அவ்வாட்சியின் கொடைகள். உழவரல்லாத நல்லோரையும் கட்சியில் சேர்க்க வேண்டும் என்றார் ட்ரூரி. கூடாது, உழவர் இயக்கம் உழவர்க்கே என்றார் அதன் செயலாளர் மாரிசன். வீட்டுச் சண்டை வீதிக்கு வந்தது. 1923-இல் ஆட்சி கவிழ்ந்தது. ட்ரூரியும் தம் தொகுதியை இழந்தார்.

கதவைத் திறந்தால் கட்சி உழவனை மறந்துவிடும் என்ற மாரிசனின் அச்சம் பொருளற்றதன்று. எனினும் என் வாக்கு ட்ரூரிக்கே. சங்கம் தன் உறுப்பினர்க்காகப் பேசலாம். அரசு அனைவர்க்காகவும் பேச வேண்டும். தொழிலாளர் துணையால் ஆட்சி பெற்றவர்கள் பிறர்க்குக் கதவடைப்பது எவ்வகை நீதி? தன் வயலுக்கு மட்டும் மழை வேண்டுவோன் உழவனாகலாம், தலைவனாக முடியாது.