குழாயும் கல்லாகும்

பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர் என்றொரு கிராமம் இருக்கிறது. கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று அங்கே கிடக்கிறது. 1940-இல் பூகர்ப்ப இலாகாவின் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அம்மரத்தின் நீளம் 18 மீட்டருக்கும் மேல். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்தது. என் மாணாக்கர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம், கல்லாவதற்கு யுகங்கள் வேண்டும் என்றே சொல்லி வந்தேன். சில வாரங்களிலேயே கல்லாகும் பொருள் ஒன்று அடுத்த வீட்டில் இருந்ததை அறியாமற் போனேன்.

அரியலூரில் எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் பக்கவாதத்தால் படுத்த படுக்கையானார். சிறுநீர் இறங்குவதற்கு ரப்பர்க் குழாய் பொருத்தப்பட்டது. அதை மாற்ற வேண்டிய தேதி கடந்து போயிற்று, ஒருவரும் கவனிக்கவில்லை. குளிர் ஜுரம் கண்டது. மருந்து கொடுத்தால் தணியும், நிறுத்தினால் திரும்பும். ஒரு நாள் குழாய் அடியோடு அடைத்துக்கொண்டது. டாக்டர் அதை எடுத்து நறுக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு போல் படிந்திருந்தது!

இதன் இரகசியம் என்ன? குளத்துப் படியில் பாசி வழுக்குவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே போலக் கிருமிகள் குழாயின் மேல் ஒட்டிக்கொண்டு, பசையைச் சுரந்து, அதனுள்ளே கூட்டமாய்க் குடியேறுகின்றன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். வெளியே மிதக்கும் கிருமிகளை மருந்து கொல்லும், ஜுரம் தணியும். பசைக்குள் உறங்கிக் கிடப்பவையோ தப்பிப் பிழைத்து மறுபடியும் கிளம்பும். அவற்றுள் புரோட்டியஸ் என்னும் இனம் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. காரம் ஏறுகிறது, கால்சியம், மக்னீசியம் உப்புகள் படிந்து கல்லாகின்றன. செயற்கை மூட்டிலும், இருதய வால்விலும், பேஸ்மேக்கரிலும்கூட இப்படலம் படர்வதுண்டு.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது என்பது வைத்தியர்கள் கண்ட கணக்கு. ஆகையால், 'இன்னும் இந்தக் குழாய் அவசியந்தானா?' என்று டாக்டரைக் கேட்கத் தயங்க வேண்டாம். அவசியமெனில், மாற்றும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொடுமுன்பும் பின்பும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையைத் தொடலாகாது.

அண்டை வீட்டு நாட்காட்டியில் இப்போது ஒரு தேதி சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கிறது. அதை நினைவூட்டும் பொறுப்பைப் பெரியவரின் பேத்தி ஏற்றிருக்கிறாள். சென்ற முறை சாத்தனூருக்கு வந்த மாணவிகளில் அவளும் ஒருத்தி.