சென்னைக்கும் கேரளத்துக்கும் என்ன சண்டை?

சென்னையின் எப்.சி. கால்பந்துக் குழுவும் கேரளா பிளாஸ்டர்ஸ் குழுவும் மோதும் நாள் வந்துவிட்டால், இலத்தூரிலும் செங்கோட்டையிலும் புளியரையிலும் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. இதில் வியப்பு என்ன? பஸ் ஏறினால் சற்று நேரத்தில் கேரள எல்லை வந்துவிடுகிறது. அறுப்பு முடிந்து ஊரில் வேலையில்லாத நாட்களில் ஆரியங்காவுக் கணவாய் தாண்டிப் போய்க் கூலி வாங்கி வருகிறவர்கள் நம் ஜனங்கள். செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது.

ஆட்டத்தில் போட்டி இருக்கட்டும். கோஷமும் கிண்டலும் இல்லாவிட்டால் அது பந்தயமே அல்ல. எட்டு மணி நேரம் நூற்பு மெஷின் முன்னால் நின்ற மில் தொழிலாளியும், பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற விவசாயக் கூலியும் மாலையில் தொண்டை கிழியக் கத்தினால் நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் போட்டியை வளர்த்தவர்கள் யார்? அதை அனுபவிப்பவர்கள் யார்?

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் எட்டுக் குழுக்களுடன் தொடங்கிற்று. நகரம் நகரமாகக் குழு நடத்தும் உரிமை விற்கப்பட்டது. சென்னையை எடுத்தவர்கள் நடிகர் அபிஷேக் பச்சனும் விதா தானியும்; கிரிக்கெட் வீரர் தோனியும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்தார். கேரளக் குழுவின் பங்குதாரர்களில் ஒருவர் டெண்டுல்கர். 2018-ல் அவர் விலகிக்கொண்டார். ஆக, இரண்டு குழுக்களுமே முதலில் காகிதத்தில் பிறந்தவை. அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் ஆடியவர்களும் பார்த்தவர்களுமே.

முதல் ஆண்டிலேயே அரையிறுதியில் இரு குழுக்களும் மோதின. 2014 டிசம்பர் 13-ல் கொச்சியில் கேரளம் மூன்று கோல் அடித்தது. சென்னை ஒன்றும் அடிக்கவில்லை. மூன்று நாள் கழித்துச் சென்னையில் நம்மவர்கள் அந்த மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிஷமே பாக்கி. அப்போது ஸ்டீபன் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அடித்த ஒரு கோல் கேரளத்தை இறுதிக்குக் கொண்டுபோயிற்று. அன்று பற்றிய நெருப்புத்தான் இன்றும் எரிகிறது.

மறு ஆண்டு சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைக்கூடப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் 2015 டிசம்பர் 20-ல் கோவாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திச் சென்னைக் குழு பட்டம் வென்றது. கடைசி நிமிஷங்களில் பின்தங்கியிருந்த குழு, இரண்டு கோல் வாங்கி ஜெயித்தது! 2018 மார்ச் 17-ல் பெங்களூரிலும் அதே 3-2 கணக்கில் இரண்டாவது பட்டம். வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்த ஜனங்கள் கொண்டாடிய வெற்றி அது. அந்தப் பெருமையை எந்தப் பங்குப் பத்திரத்திலும் எழுதிவிட முடியாது.

மில் தொழிலாளர் நகரமான கோயம்புத்தூரின் கதையையும் கேளுங்கள். சென்னை சிட்டி என்ற குழு அந்நகரத்து நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் ஆட்டங்களை ஆடி வந்தது. 2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கியது. பிறகு மூன்று கோல் அடித்து வென்றது. 43 புள்ளி! கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் பெற்றதோ 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கொங்கு நாட்டுக்கு வந்தது. பரிசு என்ன? மேலே இருந்த சூப்பர் லீக்கின் கதவு திறக்கவில்லை. ஐ-லீக்கில் வென்றவர்கள் மேலே ஏறலாம் என்ற வழி 2022-23 பருவத்தில்தான் பிறந்தது. அதற்குள் 2021-22 ஐ-லீக்கின் பட்டியலிலேயே சென்னை சிட்டி இல்லாமற் போயிற்று. ஸ்டேடியத்தில் உட்கார்ந்து கத்திய ஜனங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மேலே இருந்தவர்களின் கதி மட்டும் என்ன? அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ரிலையன்ஸ்-ஐ.எம்.ஜி.யோடு 2010 டிசம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுக்கானது. அதன் கெடு நெருங்கியும் புது ஒப்பந்தம் ஏற்படவில்லை. 2025 ஜூலையில், அந்தப் பருவத்துச் சூப்பர் லீக்கை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர்க் குழு ஆட்டக்காரர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எப்.சி.யும் தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சொல்லிற்று. மில் வாசலில் லாக்-அவுட் நோட்டீஸ் படித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மேலே பேரம் படியவில்லை. கீழே அடுப்பு எரியவில்லை. 2026 ஜனவரித் தொடக்கத்தில் சுனில் சேத்ரி போன்ற பெரிய ஆட்டக்காரர்களே உலக சம்மேளனமான பிபாவிடம் முறையிட வேண்டிய நிலை வந்தது. அதன் பிறகுதான், பிப்ரவரி 14-ல் ஆட்டம் தொடங்கும் என்று மத்திய விளையாட்டு மந்திரி அறிவித்தார்.

அந்தக் கதவடைப்பில் சென்னை ரசிகனுக்கு ஒரு நியாயம், கொச்சி ரசிகனுக்கு வேறு நியாயம் என்று ஏதாவது இருந்ததா? இரண்டு மைதானத்துக்கும் ஒரே பூட்டுத்தானே!

ஆட்டக்காரர்களைப் பாருங்கள். கேரளத்துக்காகக் கோல் அடித்த சி.கே. வினீத் 2019-ல் சென்னைச் சட்டை போட்டு ஆடினார். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் நூறாண்டுப் பகை. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் அவை மோதியபோது, ஈஸ்ட் பெங்காலுக்காக வெற்றிக் கோல் அடித்தவர் நமது வியாசர்பாடி நந்தகுமார் சேகர். வேலை கிடைக்கும் இடத்துக்குப் போவது கூலிக்காரனுக்கு மட்டுமல்ல, பந்தாட்டக்காரனுக்கும் விதி.

அந்தக் கல்கத்தாப் பகை இன்னொன்றையும் கற்றுக் கொடுக்கிறது. 1889-ல் பிறந்தது மோகன் பகான். 1920-ல் பிறந்தது ஈஸ்ட் பெங்கால். பிரிவினையில் வீடிழந்து வந்த கிழக்கு வங்க அகதிகள் ஈஸ்ட் பெங்காலைத் தங்கள் இழந்த ஊராகவே நேசித்தார்கள். 1980 ஆகஸ்ட் 16-ல் இரு குழுக்களும் ஆடிய ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 பேர் மாண்டார்கள். செத்தவர்கள் ரசிகர்கள். அதுவும் இதே பகைதான். ஆனால் 2024 ஆகஸ்டில் நடந்தது என்ன? ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கொலையுண்ட சமயம். பந்தோபஸ்தைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஆட்டத்தை ரத்துச் செய்தார்கள். ஆட்டம் நின்றது, ரசிகர்கள் நிற்கவில்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் மூன்று குழுக்களின் ரசிகர்களும் தத்தம் கொடிகளோடு ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்திற்று. அந்தத் தடி எந்தக் கொடிக்காரன் என்று பார்த்து விழவில்லை.

கால்பந்தாட்டம் தொழிலாளியின் சொத்தாகவே வளர்ந்த ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டை 1878-ல் தொடங்கியவர்கள் ரயில் பெட்டித் தொழிலாளர்கள். ஆர்சனலை 1886-ல் தொடங்கியவர்கள் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். இன்று அவை கோடீஸ்வரர்களின் கையில். ஆனால் ஜெர்மனியில் பெரும்பாலான குழுக்களில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதி. அங்கே முடியுமானால் இங்கே ஏன் முடியாது?

நமது கோரிக்கைகள் எளியவை. ஆட்டம் நின்றாலும் ஆட்டக்காரர்களின், சிப்பந்திகளின் சம்பளம் நிற்கக்கூடாது. அதற்குரிய பணத்தைப் பருவம் தொடங்குமுன்பே குழுக்கள் கட்டிவைக்க வேண்டும். குழுவின் வரவு செலவு ரசிகர்களுக்குத் தெரியவேண்டும். குழுவை விற்கவோ மூடவோ ஊர் மாற்றவோ நினைத்தால் ரசிகர் மன்றங்களின் ஓட்டு இல்லாமல் செய்யக்கூடாது. இவற்றைச் சென்னை ரசிகன் தனியாகக் கேட்டால் எடுபடாது. கொச்சி ரசிகனும் சேர்ந்து கேட்கவேண்டும்.

எனவே இலத்தூர் வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுதான். மைதானத்தில் கேரளக் குழுவை விடாதீர்கள், நன்றாகக் கத்துங்கள். ஆனால் மறுநாள் கணவாய் தாண்டி வேலைக்குப் போகையில், பக்கத்தில் சுமை தூக்கும் மலையாளத் தோழனை அந்தப் பகையால் அளக்காதீர்கள். மைதானத்துக்குப் பூட்டு விழும் நாளில் வாசலில் உங்களோடு நிற்கப் போகிறவன் அவன்தான்.